அப்பாவின் கண்ணில் படிந்த கொழுப்பு: சுகர் உள்ளவர்களின் விழித்திரையில் கொலஸ்ட்ராலுக்கு என்ன வேலை?

குலசேகரம் பக்கத்திலிருந்து ஒரு பெண் தன் அப்பாவைப் பற்றிக் கேட்டிருந்தார். அப்பாவுக்கு வயது 59. ரப்பர் தோட்டத்தில் பால்வெட்டு வேலை. சுகர் வந்து 11 வருஷம் ஆகிறது. கண்ணாடி மாற்றப் போன இடத்தில் சொட்டு மருந்து விட்டுப் பார்த்துவிட்டு, “உள்ளே கொழுப்பு படிஞ்சிருக்கு, கொலஸ்ட்ரால் டெஸ்ட் எடுங்க” என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். எடுத்ததில் மொத்தக் கொலஸ்ட்ரால் 246, கெட்ட கொலஸ்ட்ரால் என்று சொல்லும் எல்டிஎல் 162, ரத்தத்தில் ஓடும் இன்னொரு கொழுப்பான ட்ரைகிளிசரைடு 240. மூன்று மாத சராசரி சுகரைக் காட்டும் எச்பிஏ1சி 9.1. பிரஷர் மாத்திரையை நினைத்த நாளில் போடுவார், மறந்த நாளில் விட்டுவிடுவார்.

மகள் கேட்டது மூன்று. கொலஸ்ட்ரால் மாத்திரை போட்டால் கண்ணில் இருப்பது கரைந்துவிடுமா? வீட்டில் தேங்காய் எண்ணெயை நிறுத்திவிட வேண்டுமா? அந்த மாத்திரை கண்ணைக் கெடுத்துவிடும் என்று தாய்மாமா சொல்கிறாரே, உண்மையா?

நான் இந்தக் கன்னியாகுமரி மாவட்டத்தில் இருபது வருஷத்துக்கு மேலாக விழித்திரை பார்த்துக்கொண்டிருக்கும் கண் மருத்துவர். இதே மூன்று கேள்விகளை மார்த்தாண்டம், தக்கலை, குளச்சல் என்று எல்லா ஊர்க்காரர்களும் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

முக்கியமானதை முதலில் சொல்லிவிடுகிறேன். கண்ணுக்குள் மஞ்சளாகத் தெரிவது ரத்தத்திலிருந்து வந்த கொழுப்புதான், அதில் சந்தேகம் இல்லை. ஆனால் அது வெளியே வர வழியைத் திறந்துவிட்டது சுகரும் பிரஷரும். உங்கள் அப்பாவுக்குக் கொலஸ்ட்ரால் மாத்திரை தேவை, அது முதலில் இதயத்துக்காக. கண்ணைக் காப்பாற்றுவதில் 9.1 என்ற அந்த எண்ணும், விட்டுவிட்டுப் போடும் பிரஷர் மாத்திரையும்தான் எல்டிஎல் 162-ஐ விடப் பெரிய விஷயம்.

உள்ளே என்ன நடக்கிறது என்பதற்கு நாஞ்சில் நாட்டு வயல்களை நினைத்துக்கொள்ளுங்கள். வாய்க்கால் கரை பலமாக இருக்கும்வரை தண்ணீர் தன் வழியே போகும். கரை இளகி உடைப்பு எடுத்தால் கலங்கல் தண்ணீர் வயலுக்குள் புகுந்துவிடும். இரண்டு நாள் வெயிலில் தண்ணீர் வற்றிவிடும், வண்டல் மட்டும் வயலில் நின்றுவிடும். எவ்வளவு வண்டல் நிற்கும் என்பது தண்ணீர் எவ்வளவு கலங்கலாக இருந்தது என்பதைப் பொறுத்தது. ஆனால் கரை நன்றாக இருந்திருந்தால், எவ்வளவு கலங்கலாக ஓடினாலும் வயலுக்கு ஒன்றும் ஆகியிருக்காது.

விழித்திரையில் நடப்பது ஏறக்குறைய இதுதான். அங்கே இருக்கும் நுண்ணிய ரத்தக் குழாய்கள் உடம்பின் மற்ற இடங்களில் உள்ளவற்றைவிட இறுக்கமாகக் கட்டப்பட்டவை. ரத்தத்தில் இருப்பதெல்லாம் விழித்திரைக்குள் கசிந்துவிடாதபடி ஒரு தடுப்பு உண்டு. வருஷக்கணக்கில் சுகர் ஏறியே இருந்தால் அந்தக் குழாய்களைச் சுற்றி அணைத்து நிற்கும் செல்கள் செத்துப் போகின்றன. குழாயின் சுவரில் சின்னச் சின்ன வீக்கங்கள் வரும், தடுப்பு இளகும். உள்ளே பிரஷர் அதிகமாக இருந்தால் கசிவு இன்னும் வேகமாகும். ரத்த நீரும் அதோடு சேர்ந்த கொழுப்பும் புரதமும் வெளியே வரும். நீரை அக்கம்பக்கத்துத் திசு உறிஞ்சிக்கொள்ளும், கொழுப்பு நின்றுவிடும். அதுதான் மருந்து ஊற்றிப் பார்த்தபோது தெரிந்த மெழுகு மாதிரியான மஞ்சள் திட்டு. பல நேரம் அது வளையம் கட்டியது போல நிற்கும். வளையத்தின் நடுவில் பார்த்தால் கசியும் குழாய் இருக்கும்.

இந்த மஞ்சள் திட்டு எங்கே இருக்கிறது என்பதுதான் பார்வையைத் தீர்மானிக்கிறது. விழித்திரையின் நடுவில் மாக்குலா என்று ஒரு சின்ன இடம் இருக்கிறது. எழுத்து வாசிப்பது, முகம் அடையாளம் தெரிவது, ரப்பர் மரப்பட்டையில் கத்தி எவ்வளவு ஆழம் போகிறது என்று பார்ப்பது எல்லாம் அந்த இடத்தின் வேலை. திட்டு அதைவிட்டுத் தள்ளி இருந்தால் உங்கள் அப்பாவுக்கு ஒன்றுமே தெரியாது. நடு மையத்தில் வந்து நெடுநாள் நின்றுவிட்டால் அங்கே தழும்பு விழும், அப்புறம் திட்டு கரைந்தாலும் பார்வை முழுசாகத் திரும்புவதில்லை. ஆகவே கண் பரிசோதனைச் சீட்டில் மாக்குலா என்ற வார்த்தை இருக்கிறதா, அங்கே வீக்கம் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். எழுதவில்லை என்றால் போய்க் கேளுங்கள். கொலஸ்ட்ரால் எண்ணைவிட அந்த ஒரு வரி முக்கியம்.

இங்கே ஒரு குழப்பத்தையும் தீர்த்துவிடுகிறேன். மேல் இமையில் மூக்கோரமாக மஞ்சள் படை வருவதும், கருவிழியைச் சுற்றி வெள்ளை வளையம் தெரிவதும் வேறு சங்கதிகள். கண்ணாடியில் பார்த்தாலே தெரியும் அந்த இரண்டும் பார்வையைக் கெடுப்பதில்லை. வயதானவர்களுக்கு வெள்ளை வளையம் சாதாரணம். நாற்பது வயதுக்குள் வந்தால் கொலஸ்ட்ரால் பார்த்துக்கொள்வது நல்லது. விழித்திரையில் படிவது மட்டும் வெளியே இருந்து தெரியாது. எத்தனையோ பேர் “கண்ணில் ஒன்றும் தெரியவில்லையே” என்று வருவார்கள், உள்ளே பார்த்தால் நிலைமை வேறாக இருக்கும்.

சரி, கொலஸ்ட்ராலுக்கு எவ்வளவு பங்கு? அமெரிக்காவில் சுகர் கண் நோய்க்கான லேசர் சிகிச்சையை ஆராய்ந்த பெரிய ஆய்வு ஒன்று உண்டு. அதன் கொழுப்பு பற்றிய அறிக்கை 1996-ல் வந்தது. மொத்தக் கொலஸ்ட்ராலோ எல்டிஎல்லோ அதிகமாக இருந்தவர்களுக்கு, சரியாக இருந்தவர்களைவிட இந்த மஞ்சள் திட்டுகள் இருக்கும் வாய்ப்பு இரண்டு மடங்கு என்று அதில் தெரிந்தது. நம் பக்கத்திலும் பார்த்திருக்கிறார்கள். சென்னையில் நடந்த கியூர்ஸ் கண் ஆய்வில், சுகர் உள்ளவர்களில் 17.6 சதவீதம் பேருக்கு விழித்திரை பாதிப்பு இருந்தது. மொத்தக் கொலஸ்ட்ராலும் ட்ரைகிளிசரைடும் கூடியதற்கு விழித்திரை பாதிப்போடும், எல்டிஎல் கூடியதற்கு மாக்குலா வீக்கத்தோடும் தொடர்பு தெரிந்தது.

ஆனால் தொடர்பு இருக்கிறது என்பதும், அதுவே காரணம் என்பதும் ஒன்றல்ல. சுகரைக் கவனிக்காதவர்களுக்குக் கொழுப்பும் கூடத்தான் இருக்கும். எல்டிஎல்லைக் குறைக்கும் ஸ்டாட்டின் மாத்திரைகளை வைத்துச் செய்த பெரிய பரிசோதனைகளில், விழித்திரை நோய் மோசமாவது தெளிவாகக் குறைந்ததாகக் காட்ட முடியவில்லை. எல்டிஎல்தான் மூல காரணமாக இருந்தால் அது நன்றாகவே தெரிந்திருக்கும். இதனால்தான் நான் வண்டலையும் கரையையும் பிரித்துப் பேசுகிறேன். கொழுப்பு குறைந்தால் புதிதாகப் படிவது குறையலாம். கரையை அது கட்டித் தராது.

கரையைக் கட்டுவதற்கான சான்று வேறு இடத்தில் இருக்கிறது. 1993-ல் வெளிவந்த டிசிசிடி ஆய்வு இன்சுலின் போட்டே ஆக வேண்டிய முதல் வகைச் சுகர் உள்ளவர்களைப் பற்றியது. சுகரை இறுக்கமாகக் கட்டுப்படுத்தியவர்களுக்கு, அதுவரை கண் பாதிப்பு இல்லாதவர்களிடையே, புதிதாகப் பாதிப்பு வருவது 76 சதவீதம் குறைந்தது. உங்கள் அப்பாவுக்கு இருப்பது போன்ற இரண்டாம் வகைச் சுகரில், 1998-ல் வந்த இங்கிலாந்தின் யுகேபிடிஎஸ் ஆய்வு பிரஷரையும் பார்த்தது. பிரஷர் சராசரியாக 154/87-ல் நின்றவர்களைவிட, 144/82-க்கு இறக்கி வைத்தவர்களுக்கு விழித்திரை நோய் முற்றுவது 34 சதவீதம் குறைவாக இருந்தது. பார்வை கணிசமாக மங்குவது 47 சதவீதம் குறைந்தது. வெறும் பத்துப் புள்ளி. அதுவும் ஒரு நாளைக்கு ஒரு மாத்திரையை மறக்காமல் போட்டாலே பலருக்குக் கிடைத்துவிடும் பத்துப் புள்ளி. “நினைத்தால் போடுவார்” என்று நீங்கள் எழுதியதைப் படித்ததும் எனக்கு மனசு கனத்துப் போனதற்குக் காரணம் இதுதான்.

பால்வெட்டுக்காரர்களிடம் இந்த மாத்திரை விடுவது அடிக்கடி நடக்கிறது, அதற்குக் காரணமும் புரிகிறது. விடியுமுன் நெற்றியில் லைட்டைக் கட்டிக்கொண்டு கிளம்ப வேண்டும். வெயில் ஏறுவதற்குள் வெட்டி முடித்தால்தான் பால் நன்றாக இறங்கும். வெறும் வயிற்றில் ஒரு கருப்பட்டிக் காப்பி, அவ்வளவுதான். சாப்பாடு பத்து மணிக்கு மேல். சுகர் மாத்திரையைச் சாப்பாட்டுக்கு முன்னால் போடச் சொல்லியிருப்பார்கள். விடியற்காலையில் போட்டுவிட்டுப் போனால் தோட்டத்தில் மயக்கம் வரும். ஒரு தடவை அப்படி வந்தால் அவர் மாத்திரையையே கைவிட்டுவிடுவார், பிரஷர் மாத்திரையும் அதோடு போய்விடும். சுகர் பார்க்கும் டாக்டரிடம் போகும்போது “சுகர் கூடுதல்” என்று மட்டும் சொல்லாதீர்கள். அப்பா எத்தனை மணிக்கு எழுகிறார், எப்போது சாப்பிடுகிறார் என்பதைச் சொல்லுங்கள். அதற்குத் தகுந்த மாதிரி மாத்திரையையும் நேரத்தையும் மாற்றித் தருவார்கள். பிரஷர் மாத்திரைகளில் பலவற்றை ராத்திரி சாப்பாட்டோடு போடலாமா என்றும் கேளுங்கள். ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் சுகர், பிரஷர் மாத்திரைகள் வீட்டுக்கே வருகின்றன. 2021-லிருந்து நடக்கிற திட்டம். வாங்க அலைய வேண்டியிருக்கிறது என்பது காரணமாக இருந்தால் உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயரைக் கொடுங்கள்.

ஒரு எச்சரிக்கையும் இருக்கிறது. 9.1-ல் இருக்கும் சுகரை அவசரப்பட்டு ஒரே மாதத்தில் தரைக்கு இறக்கக் கூடாது. ஏற்கெனவே விழித்திரை பாதித்தவர்களுக்கு சுகர் மிக வேகமாக இறங்கும்போது, முதல் சில மாதங்கள் கண் நோய் சற்று மோசமாவது உண்டு. நீண்ட நோக்கில் லாபம்தான், அதனால் பயந்து சிகிச்சையை விட வேண்டாம். புதிதாக இன்சுலின் தொடங்கினாலோ, உணவை அடியோடு மாற்றினாலோ, அதற்கு முன்பு ஒரு தடவையும் அப்புறம் மூன்று நான்கு மாதத்தில் ஒரு தடவையும் விழித்திரையைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இனி முதல் கேள்வி. கொலஸ்ட்ரால் மாத்திரை கண்ணில் இருப்பதைக் கரைக்குமா? மாத்திரை நேராகப் போய்த் திட்டைக் கரைப்பதில்லை. கசிவு நின்றால், உடம்பின் துப்புரவு செல்கள் அதைக் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துச் செல்லும். அதற்கு மாதங்கள் ஆகும், சிலருக்கு ஒரு வருஷத்துக்கு மேலும் ஆகும். இடையில் இன்னொன்றும் நடக்கும். ஊசியோ லேசரோ கொடுத்த பிறகு நீர் வேகமாக வற்றுவதால் மஞ்சள் திட்டு முன்னைவிடக் கூடியது போலத் தெரியலாம். ஸ்கேனில் வீக்கம் குறைந்திருக்கும், போட்டோவில் மஞ்சள் கூடியிருக்கும். சிகிச்சை பலிக்கவில்லை என்று பயந்து ஆஸ்பத்திரி மாற்றிய குடும்பங்களை நான் பார்த்திருக்கிறேன். பொறுத்திருங்கள்.

அப்படியானால் ஸ்டாட்டின் எதற்கு? சுகர் உள்ளவர்களை முதலில் கொண்டுபோவது மாரடைப்பும் பக்கவாதமும்தான். 2004-ல் வெளிவந்த கார்ட்ஸ் ஆய்வில், இதய நோய் இல்லாத சுகர்க்காரர்களுக்கு தினம் 10 மில்லிகிராம் அட்டோர்வாஸ்டாட்டின் கொடுத்தார்கள். பெரிய இதய நிகழ்வுகள் 37 சதவீதமும் பக்கவாதம் 48 சதவீதமும் குறைந்தன. பலன் தெளிவாகத் தெரிந்ததால் ஆய்வையே முன்கூட்டி நிறுத்திவிட்டார்கள். 59 வயது, 11 வருஷ சுகர், பிரஷரும் உண்டு என்றால், எல்டிஎல் 162 ஆக இல்லாமல் 110 ஆக இருந்தாலும் டாக்டர் ஸ்டாட்டின் எழுதத்தான் செய்வார். கண்ணைப் பார்த்துத் தெரிந்த கொழுப்பு உங்கள் அப்பாவின் இதயத்துக்கு ஒரு சிகிச்சையைக் கொண்டுவந்து கொடுத்திருக்கிறது. அதை விட்டுவிடாதீர்கள்.

தாய்மாமா சொன்னதில் முழுக்க அடிப்படை இல்லாமலும் இல்லை. ஹோப்-3 என்ற ஆய்வில் ரோசுவாஸ்டாட்டின் எடுத்தவர்களில் 3.8 சதவீதம் பேருக்குக் கண்புரை ஆபரேஷன் தேவைப்பட்டது, எடுக்காதவர்களில் 3.1 சதவீதம். வேறு ஆய்வுகளில் அந்த வித்தியாசமும் தெரியவில்லை. விழித்திரையை ஸ்டாட்டின் கெடுப்பதாகச் சான்று இல்லை. கண்புரை வந்தால் லென்ஸ் வைத்துச் சரிசெய்துவிடலாம். மாரடைப்பு வந்தபின் அப்படி எதையும் மாற்றி வைக்க முடியாது. மாமாவிடம் இதை மரியாதையாக எடுத்துச் சொல்லுங்கள். அக்கா வீட்டுக்காரர் மேல் உள்ள அக்கறையில்தானே சொல்கிறார், கேட்டுக்கொள்வார்.

இப்போது அதிகம் பேர் அறியாத ஒரு மாத்திரையைப் பற்றிச் சொல்ல வேண்டும். பெயர் ஃபெனோஃபைப்ரேட். ட்ரைகிளிசரைடு குறைப்பதற்காக நெடுங்காலமாக நம் மருந்துக் கடைகளில் இருக்கும் பழைய மாத்திரை. ஃபீல்ட் என்ற ஆய்வு ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, பின்லாந்து நாடுகளில் 9,795 பேரிடம் நடந்தது. இதயத்துக்காகத் தொடங்கிய அந்த ஆய்வில் எதிர்பாராத ஒன்று தெரிந்தது. மாத்திரை எடுத்தவர்களில் முதல்முறையாகக் கண் லேசர் தேவைப்பட்டவர்கள் 3.4 சதவீதம், எடுக்காதவர்களில் 4.9 சதவீதம். 2010-ல் அக்கார்ட் கண் ஆய்வு ஸ்டாட்டினோடு இதைச் சேர்த்துக் கொடுத்துப் பார்த்தது. நான்கு வருஷத்தில் விழித்திரை நோய் முற்றியவர்கள் 10.2 சதவீதத்திலிருந்து 6.5 ஆகக் குறைந்தார்கள். கடைசியாக 2024-ல் ஸ்காட்லாந்தின் லென்ஸ் ஆய்வு. அது கண்ணுக்காகவே நடத்தப்பட்டது. ஆரம்ப நிலைப் பாதிப்பு உள்ள 1,151 பேரில், கண் டாக்டரிடம் அனுப்பும் அளவுக்கு நோய் முற்றியதோ சிகிச்சை தேவைப்பட்டதோ மாத்திரை எடுத்தவர்களுக்கு 22.7 சதவீதம், எடுக்காதவர்களுக்கு 29.2 சதவீதம்.

கவனிக்க வேண்டியது, இந்தப் பலன் ரத்தத்தில் கொழுப்பு எவ்வளவு குறைந்தது என்பதோடு பொருந்தி வரவில்லை. கொழுப்புக் கூடாதவர்களுக்கும் பலன் கிடைத்தது. மாத்திரை குழாய்ச் சுவரிலும் அழற்சியிலும் நேரடியாக வேலை செய்கிறது என்பதே இப்போதைய விளக்கம். பழைய உவமையில் சொன்னால், தண்ணீரைத் தெளிய வைப்பதோடு கரையிலும் கொஞ்சம் மண் போடுகிறது. ஆஸ்திரேலியாவில் 2013-லேயே இதைச் சுகர் கண் நோய்க்கென்று அனுமதித்துவிட்டார்கள். எல்லாருக்கும் பொருந்தும் மாத்திரை என்று நினைத்துவிடாதீர்கள். சிறுநீரகம் பலவீனமாக இருந்தால் கூடாது, பித்தப்பைக் கல் உள்ளவர்களுக்குக் கூடாது. எடுத்தால் சிறுநீரகத்தின் வேலையைக் காட்டும் கிரியேட்டினின் அளவு ரத்தத்தில் கொஞ்சம் ஏறும், அதைக் கண்காணிக்க வேண்டும். நிறுத்தினால் கண்ணுக்குக் கிடைத்த பலனும் போய்விடுகிறது. ஆனால் சுகரைக் கட்டுப்படுத்தியதன் பலன் அக்கார்ட் ஆய்வு முடிந்த பிறகும் பல வருஷம் நீடித்தது. உங்கள் அப்பாவுக்கு ட்ரைகிளிசரைடு 240 இருக்கிறது, கண்ணில் பாதிப்பும் இருக்கிறது. கிரியேட்டினின் பார்த்துவிட்டு, “டாக்டர், ஃபெனோஃபைப்ரேட் அப்பாவுக்கு ஒத்துவருமா?” என்று கேட்பதில் தவறே இல்லை. கடையில் போய் நீங்களாக வாங்கிக் கொடுத்துவிடாதீர்கள்.

மருந்துச் சீட்டைப் பற்றிப் பேசும்போது இன்னொன்று. சுகர் மாத்திரையில் பையோகிளிட்டசோன் சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். மூன்று மருந்து ஒன்றாகக் கலந்த மாத்திரைகளில் இது இருப்பது உண்டு. உடம்பில் நீர் தேங்க வைக்கும் குணம் அதற்கு உண்டு, சிலருக்கு மாக்குலா வீக்கத்தையும் கூட்டும். காலிலும் நீர் கோத்திருந்தால் கட்டாயம் கண் டாக்டரிடமும் சுகர் டாக்டரிடமும் காட்டுங்கள். அதே தடவை சிறுநீரில் புரதம் போகிறதா என்றும் பார்த்துவிடுங்கள். கண்ணிலும் சிறுநீரகத்திலும் இருப்பது ஒரே மாதிரி நுண் குழாய்கள், ஒன்று கெட்டால் மற்றதையும் பார்க்காமல் இருக்கக் கூடாது.

இனி தேங்காய் எண்ணெய். இதில் நம் மாவட்டத்தில் இரண்டு பக்கமும் மிகையாகப் பேசுகிறார்கள். தேங்காய் எண்ணெயில் சுமார் 90 சதவீதம் நிறைவுற்ற கொழுப்பு. கடலை எண்ணெய், நல்லெண்ணெயோடு ஒப்பிட்டால் எல்டிஎல்லை அது ஏற்றத்தான் செய்யும். “நம்ம தாத்தா எல்லாம் இதைத்தானே சாப்பிட்டார்” என்பது சரி, தாத்தாவுக்கு 11 வருஷ சுகரும் எல்டிஎல் 162-ம் இருந்திருக்காது. அதற்காக அவியலில் கடைசியாக விடும் ஒரு ஸ்பூன் பச்சை எண்ணெயும், தீயலுக்கு வறுத்து அரைக்கும் தேங்காயும்தான் உங்கள் அப்பாவின் கண்ணைக் கெடுத்தது என்று நான் சொல்ல மாட்டேன். பொரிப்பதைக் குறையுங்கள், அதுதான் பெரிய அளவு. மாத எண்ணெயில் பாதியாவது கடலை எண்ணெயோ நல்லெண்ணெயோ இருக்கட்டும். தேங்காய் எண்ணெயை நிறுத்திவிட்டு அந்த இடத்தில் ரேஷன் பாமாயிலை ஊற்றினால் ஒன்றும் மிச்சமில்லை, அதிலும் பாதி நிறைவுற்ற கொழுப்புதான். டீக்கடைப் பழம்பொரியும் சிப்ஸும் பெரும்பாலும் திரும்பத் திரும்பக் காய்ச்சிய எண்ணெயில் பொரிப்பவை.

ட்ரைகிளிசரைடு 240 என்பது எண்ணெயைவிட மாவுச்சத்தையும் இனிப்பையும்தான் காட்டுகிறது. மதியம் மலை மாதிரி சோறு, சாயங்காலம் ஒரு தட்டு மரச்சீனிக் கிழங்கு, நடுவில் நாலு கருப்பட்டிக் காப்பி. கருப்பட்டி சுகருக்கு ஒன்றும் செய்யாது என்ற நம்பிக்கை இங்கே வேரோடி இருக்கிறது. அதில் பெரும்பகுதி சீனியில் இருக்கும் அதே சர்க்கரைதான். சம்பா அரிசிக்கும் அப்படித்தான், தவிட்டோடு சாப்பிட்டால் கொஞ்சம் மேல், ஆனால் அளவு குறையாமல் பலனில்லை. சாராயம், பிராந்தி பழக்கம் இருந்தால் ட்ரைகிளிசரைடு அதிலேயே ஏறும். அதை அப்பாவிடம் மகள் கேட்பது கஷ்டம் என்று தெரியும், டாக்டர் கேட்கும்படி முன்கூட்டியே சொல்லி வைக்கலாம்.

நல்ல செய்தி ஒன்று மீன் சந்தையிலேயே இருக்கிறது. ஸ்பெயினில் 55 முதல் 80 வயது வரையுள்ள சுகர்க்காரர்களின் உணவைக் கவனித்த ஆய்வு 2016-ல் வந்தது. மீன் எண்ணெயில் இருக்கும் ஒமேகா-3 கொழுப்பை தினம் 500 மில்லிகிராமாவது உணவில் பெற்றவர்களுக்கு, பார்வையைப் பறிக்கும் அளவு விழித்திரை நோய் வரும் வாய்ப்பு ஏறக்குறைய பாதியாக இருந்தது. உணவைக் கவனித்து எழுதிய ஆய்வுதான், மாத்திரைச் சோதனை மாதிரி உறுதியானதல்ல. ஆனால் அந்த அளவு கிடைக்க வாரத்துக்கு இரண்டு தடவை கொழுப்பு மீன் போதும், நமக்கு அது சாளையும் அயிலையும். முட்டத்திலும் குளச்சலிலும் இறங்குகிற மீன்களில் விலை மலிவானவை அவை. புளிமுளமாக வையுங்கள், குழம்பு வையுங்கள், பொரிக்க வேண்டாம். கருவாடு மட்டும் வேண்டாம், அந்த உப்பு பிரஷருக்குப் போய்ச் சேரும்.

கொலஸ்ட்ரால் சரியாக இருக்கிறவர்கள் இதைப் படித்து நிம்மதி அடைந்துவிடக் கூடாது என்பதற்காக என் வீட்டுக் கதை ஒன்றைச் சொல்கிறேன். என் பெரியப்பா கருங்கல் பக்கம் கடை வைத்திருந்தார். ஒல்லியான உடம்பு, கொலஸ்ட்ரால் ரிப்போர்ட் எப்போதும் நன்றாக இருக்கும். சுகர் மட்டும் பதினைந்து வருஷம். கணக்கு நோட்டைக் கண்ணாடி இல்லாமலே வாசிப்பார், அதனால் அவர் கண்ணை யாரும் பார்க்கவில்லை, படித்துக்கொண்டிருந்த நானும் பார்க்கச் சொல்லவில்லை. ஒரு நாள் காலையில் வலது கண்ணில் கறுப்பு நூல் தொங்குகிறது என்றார். சாயங்காலத்துக்குள் அந்தக் கண் இருட்டிவிட்டது. விழித்திரையில் புதிதாக முளைத்த பலவீனமான குழாய்கள் உடைந்து கண்ணுக்குள் ரத்தம் கொட்டியிருந்தது. அவர் கண்ணில் மஞ்சள் திட்டு ஒன்றுகூட இல்லை. லேசர் செய்ய வேண்டிய காலம் எப்போதோ கடந்திருந்தது. கொழுப்பு படிந்தவர்களாவது அதைச் சாக்கிட்டு டாக்டரிடம் வருகிறார்கள். இரண்டாம் வகைச் சுகர் என்று தெரிந்த அன்றைக்கே ஒரு தடவை, அப்புறம் வருஷத்துக்கு ஒரு தடவை, கண் பாவையை விரிய வைத்து விழித்திரையைப் பார்க்க வேண்டும். எழுத்துப் பலகை வாசித்துக் கண்ணாடி நம்பர் எடுப்பது அந்தப் பரிசோதனை ஆகாது.

உங்கள் அப்பாவுக்கு அடுத்த கட்டம் ஓசிடி ஸ்கேன். வலி இல்லை, ஊசி இல்லை, சில நிமிஷ வேலை. மாக்குலாவில் நீர் தேங்கியிருக்கிறதா என்று மைக்ரான் கணக்கில் காட்டிவிடும். நடுவில் வீக்கம் இருந்து பார்வையும் குறைந்திருந்தால் கண்ணுக்குள் ஊசி போடுவார்கள். பெவாசிஸுமாப், ரனிபிஸுமாப், அஃப்ளிபெர்செப்ட் என்று மருந்துகள் இருக்கின்றன, முதலில் மாதம் ஒன்று என்ற கணக்கில் சில ஊசிகள். கசிவு நடுவைவிட்டுத் தள்ளி இருந்தால் லேசர் போதும். விலையில் பெரிய வித்தியாசம் உண்டு, அதனால் எந்த மருந்து, எத்தனை ஊசி, காப்பீட்டு அட்டையில் எது வரும் என்று கூச்சப்படாமல் கேளுங்கள். ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் கண் பிரிவு இருக்கிறது, பணம் நெருக்கடி என்றால் அங்கிருந்தே தொடங்குங்கள்.

வீட்டில் நீங்களே செய்யக்கூடியது ஒன்று. வாரம் ஒரு நாள் அப்பாவை ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டு சுவரில் தொங்கும் நாள்காட்டியின் கட்டங்களைப் பார்க்கச் சொல்லுங்கள், அப்புறம் மறு கண். கோடு வளைந்தோ நடுவில் கட்டம் மங்கியோ தெரிந்தால் அடுத்த தேதி வரை காத்திருக்க வேண்டாம். கறுப்புப் புள்ளிகள் திடீரென்று மிதந்தாலும் அன்றைக்கே போய்விட வேண்டும்.

பரிசோதனைக்குப் போகிற நாளில் பழைய ரிப்போர்ட், மருந்துச் சீட்டு எல்லாவற்றையும் ஒரு கவரில் போட்டு எடுத்துப் போங்கள், விழித்திரை போட்டோ எடுத்தால் ஒரு பிரதி கேட்டு வாங்குங்கள். சொட்டு மருந்து விட்டபின் நாலைந்து மணி நேரம் கிட்டத்தில் மங்கும், வெளிச்சம் கூசும். அப்பா பைக்கில் தனியாகப் போய்விட்டு அந்த மலைப் பாதையில் திரும்பி ஓட்டி வரக் கூடாது. நீங்கள் கூடப் போங்கள், பஸ்ஸில் வாருங்கள். மறுநாள் விடியற்காலை வெட்டுக்கு அவர் தாராளமாகப் போகலாம்.